மிளகு தின்ற வில்லாக்கள்

பெண்கள் உடுத்துவதைப் பற்றிக் கவலைப்படுவதற்கென்றே சில ஆண்கள் எல்லாக் காலத்திலும் பிறந்துவிடுகிறார்கள். ரோமில் அப்படிப் பிறந்தவர் மூத்த பிளினி. எங்கோ கிழக்குக் கோடியிலிருந்து பட்டு வருகிறது, அதை உடுத்திக்கொண்டு குடும்பப் பெண்கள் உடம்பு தெரிய வீதியில் நடக்கிறார்கள், இந்தக் கூத்துக்காகவா உலகத்தின் மறுமுனை வரைக்கும் போய்வருகிறோம் என்று எழுதிவைத்தார். நல்லவேளை, மனிதர் எங்கள் தளவாய்புரம் பக்கம் வரவில்லை. வந்திருந்தால், நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றவும் கோயில் வாசல் வரைக்கும் போய் எட்டிப்பார்க்கவும் கிளம்பும் எங்கள் பெண்களைக் கண்டு, தான் எழுதிய 37 பாகங்களோடு 38ஆவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார். அந்த நைட்டியை வெட்டித் தைத்து ஊர் ஊராக அனுப்புகிறவர்களும் நாங்கள்தான் என்று தெரிந்திருந்தால் கப்பல் படையையே அனுப்பியிருப்பார். அவர் கையில் ஒரு கப்பல் படை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

துணியை விட அவருக்குப் பெரிய வயிற்றெரிச்சல் மிளகு. இனிப்பும் கிடையாது, பார்க்க அழகும் கிடையாது, காரம் என்ற ஒரே தகுதிக்காக இதை இந்தியாவிலிருந்து கொண்டுவருகிறோமே என்று புலம்புகிறார். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று கணக்கும் போடுகிறார். சீனா, அரேபியா எல்லாம் சேர்த்து 10 கோடியாம். அன்றைய ரோமச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் என்பதை வைத்துப் பார்த்தால் மனிதர் ஏன் தூங்கவில்லை என்று புரியும். கறுப்பு மிளகு ஒரு ரோம ராத்தல், அதாவது நம் கணக்கில் சுமார் 330 கிராம், 4 தினாரி; செஸ்டர்ஸை விடப் பெரிய காசு அது. ஒரு சிப்பாய் ஏறக்குறைய ஒரு வாரம் வேல் பிடித்தால் ஒரு வீட்டு ரசத்துக்கு ஆகும். வெள்ளை மிளகு 7 தினாரி, திப்பிலி 15. திப்பிலியை இருமலுக்குத் தட்டிப்போடும் எங்கள் ஆச்சிமார் தங்களை அறியாமலே கோடீஸ்வரிகளாக இருந்திருக்கிறார்கள்.

இந்தப் புலம்பலுக்கு நடுவில்தான் அவர் ஒரு நல்ல காரியமும் செய்தார். பாண்டியன் என்று ஒரு ராஜா இருக்கிறான், துறைமுகத்திலிருந்து வெகுதொலைவில் உள்நாட்டில் ‘மொதுரா’ என்ற ஊரில் இருக்கிறான் என்று எழுதினார். நம் மதுரைதான். எந்தக் காற்றில் பாய் விரித்தால் 40 நாளில் முசிறிக்கு வந்து சேரலாம் என்பது வரை குறித்திருக்கிறார். திட்டுகிற வீட்டுக்கு வழி மட்டும் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிற சொந்தக்காரர்கள் நமக்கும் உண்டு.

சரி, அவ்வளவு மிளகையும் தின்றது யார்? சிப்பாய் இல்லை. நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சுற்றி, வேசுவியஸ் என்ற பசுமையான மலையின் காலடியில், கடலைப் பார்த்தபடி வில்லா கட்டிக்கொண்டு குடியிருந்த பெரிய மனிதர்கள். மலைச்சரிவில் திராட்சை, கீழே மீன், நடுவில் சலவைக்கல் தூண். அது எரிமலை என்பது அங்கே அநேகமாக யாருக்கும் உறைக்கவில்லை. பல நூறு ஆண்டுகளாக அது வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காதவர்களை நம்பி நாம் ஏமாறுவது போலவே அவர்களும் நம்பினார்கள்.

அந்தக் கரையில் ஓப்லான்டிஸில் ஒரு வில்லா இருக்கிறது. நீரோ மன்னனின் இரண்டாம் மனைவி பொப்பேயாவுடையது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நீச்சல்குளம் மட்டும் சுமார் 60 மீட்டர். ஒலிம்பிக் போட்டிக்கே 50 மீட்டர்தான். இந்த அம்மாள் எங்கே போனாலும் கூடவே 500 கழுதைகளைக் குட்டிகளோடு ஓட்டிக்கொண்டு போவாராம், பாலில் குளிப்பதற்கு. இதையும் நம் பிளினிதான் போட்டுக்கொடுத்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். அவ்வளவு பாலைக் குளிக்கவா ஊற்றினாள் என்று கரண்டியைக் கீழே போட்டுவிடுவார்கள். கழுதைப்பாலில் கோவா திரளாது என்பது வேறு விஷயம், பால் பால்தானே.

பொம்பெய் நகருக்குள் வெட்டியுஸ் சகோதரர்களின் வீடு இன்னொரு ரகம். கான்விவா, ரெஸ்டிடூட்டஸ் என்று இருவர். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்று வியாபாரத்தில் காசு பார்த்தவர்கள் என்பது வழக்கமான கணிப்பு. புதுப்பணம் எங்கேயும் வாசலிலேயே பேசும். திருஷ்டி கழிய நாம் பூசணிக்காயில் மீசை வரைந்து தொங்கவிடுகிறோம். அவர்கள் பிரியாபுஸ் என்ற தெய்வத்தை நிறுத்தி, அவர் தன் ஆண்குறியைத் தராசின் ஒரு தட்டிலும் பணமூட்டையை மறு தட்டிலும் வைத்து எடை பார்ப்பதாக வரைந்துவிட்டார்கள். இரண்டும் சரிக்குச் சரி நிற்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கே பார்த்துக்கொண்டு உள்ளே போயிருப்பார்கள் என்பதுதான் என் கவலை. இந்த வீடு நீண்ட காலப் பராமரிப்புப் பணிகளுக்குப் பிறகு 2023 ஜனவரியில் மறுபடி திறக்கப்பட்டது. ஓவியம் அப்படியேதான் இருக்கிறது.

உம்பிரிசியஸ் ஸ்காவுரஸ் என்பவர் மீன்குழம்பு முதலாளி. குழம்பு என்றால் நம் குழம்பு இல்லை; மீனையும் குடலையும் உப்பில் போட்டு மாதக்கணக்கில் வெயிலில் ஊறவைத்து வடித்த ‘காரும்’ என்ற சாறு. ரோமன் இது இல்லாமல் சாப்பிடமாட்டான். ஸ்காவுரஸ் தன் வீட்டுக் கூடத்தின் தரையிலேயே, நான்கு மூலையிலும் தன் கம்பெனி ஜாடிகளை லேபிளோடு வண்ணக்கல்லில் பதித்துவைத்தார். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே விளம்பரம் தொடங்கிவிடும். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிற நாகரிகப் பிள்ளைகள் நாகரிகத்தின் தொட்டிலில் என்ன மணந்தது என்று தெரிந்துகொள்ளட்டும்.

இத்தனை ஆடம்பரத்திலும் ஒரு சங்கதி எனக்குப் பிடிபடவே இல்லை. இந்தப் பணக்கார வீடுகள் பலவற்றில் கக்கூஸ் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. அடுப்பு மேடை, அதற்கு இரண்டடி தள்ளிக் குழி, நடுவில் தடுப்புக்கூடக் கிடையாது. கூடத்தில் கிரேக்க புராணத்தைச் சுவர் முழுக்க வரைய ஆள் வைத்தவனுக்கு ஒரு தடுப்புச்சுவர் வைக்கத் தோன்றவில்லை. சமைத்தவர்கள் அடிமைகள், முதலாளி அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை என்பதுதான் இதற்கு விளக்கம். வாஸ்து நிபுணர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் எரிமலை வெடித்ததற்குக் காரணம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஜவுளிக்காரர்களுக்காக ஒரு தகவல். ரோமர்களின் வெள்ளை அங்கி எப்படி வெளுத்தது? மூத்திரத்தால். பொம்பெயில் ஸ்டெபானுஸின் சலவைப்பட்டறை இன்றும் தொட்டிகளோடு நிற்கிறது. ஊரார் கழித்ததைச் சேகரித்து ஊறவைத்து, அதில் துணியைப் போட்டு ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். அம்மோனியா அழுக்கை எடுத்துவிடும். இந்தத் தொழிலுக்கும் வெஸ்பாசியன் என்ற மகாராஜா வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, வசூலான காசை அவன் மூக்கருகே நீட்டி நாறுகிறதா என்று கேட்டாராம். நம் நாட்டில் ஜி.எஸ்.டி. பற்றிப் புலம்புகிறவர்கள் இந்தக் கட்டத்தை நாம் இன்னும் எட்டவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். அதே ரோமர்கள்தான் நம் துணியைக் கண்டு மயங்கினார்கள். உறையூர் மஸ்லினைக் கிரேக்க மாலுமியின் வணிகக் கையேடு ஒன்று குறித்துவைத்திருக்கிறது. நெய்த காற்று என்று ரோம எழுத்தாளர் ஒருவர் மெல்லிய துணியைக் கேலி செய்தார். எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை அந்தக் காலத்திலேயே கப்பலேற்றியிருந்தால், காயத்துக்குக் கட்டாமல் விருந்துக்குக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

கி.பி. 62இல் பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்து பொம்பெயைக் குலுக்கியது. மலை விட்ட நோட்டீஸ் அது. யாரும் வாசிக்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு விரிசலைப் பூசினார்கள். 17 வருடம் கழித்தும் வேலை முடியவில்லை. ஓப்லான்டிஸ் வில்லாவில் தூண்களைக் கழற்றி அடுக்கிவைத்திருந்த நிலையிலேயே கதை முடிந்தது. கொத்தனார் ‘நாளைக்கு வாறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவது இரண்டாயிரம் வருடப் பழக்கம்.

ஊர் மும்முரமாக இருந்ததென்னவோ தேர்தலில். பொம்பெய் சுவர்களில் ஆயிரக்கணக்கில் தேர்தல் விளம்பரங்கள் கிடைத்திருக்கின்றன. பழவியாபாரிகள் இன்னாரை ஆதரிக்கிறார்கள், பொற்கொல்லர்கள் இன்னாரை ஆதரிக்கிறார்கள் என்று சாதிச் சங்க நோட்டீஸ் பாணியிலேயே போகும். வாத்தியா என்ற வேட்பாளருக்கு மட்டும் ஆதரவு பலமாக வந்திருக்கிறது: ராத்திரி நேரம் கழித்துக் குடிக்கிற அனைவரும் ஆதரிக்கிறார்கள் என்று ஒரு சுவர், சில்லறைத் திருடர்கள் ஆதரிக்கிறார்கள் என்று இன்னொரு சுவர், தூங்குமூஞ்சிகள் ஆதரிக்கிறார்கள் என்று மற்றொன்று. எதிர்க்கட்சிக்காரன் கைங்கரியம் என்றுதான் தோன்றுகிறது. வாத்தியா ஜெயித்தாரோ என்னவோ, இந்த மூன்று கூட்டணியோடும் டெபாசிட் போயிருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

79ஆம் ஆண்டு. மாதம் ஆகஸ்ட் என்று பள்ளிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17க்குரிய தேதியோடு கரிக்கிறுக்கல் கிடைத்ததும் பலர் அக்டோபருக்கு மாறிவிட்டார்கள். எப்படியோ, ஒரு மதியம். நம் பிளினி அப்போது வளைகுடாவின் மறுமுனையான மிசேனத்தில் கப்பல் படைத் தளபதி. வெயில் காய்ந்து, பச்சைத்தண்ணீரில் குளித்து, சாப்பிட்டுப் படுத்தபடி புத்தகத்தில் இருந்தவரைச் சகோதரி வந்து எழுப்பி மேகத்தைக் காட்டினாள். நெட்டையாக ஏறி உச்சியில் குடையாக விரிந்த மேகம். பைன் மரம் போல என்று எழுதிவைத்தான் அவள் மகன். நம்மூர்ப் பையன் என்றால் பனைமரம் என்று எழுதியிருப்பான்.

அந்தப் பையனும் பிளினிதான், இளையவன், 17 வயது. மூத்தவர் அவனுக்குத் தாய்மாமன். இந்த உறவு புரியாமல் வெள்ளைக்காரர்கள் இந்தக் காட்சியை விளக்க ரொம்பச் சிரமப்படுகிறார்கள். நம் பாஷையில் அது இப்படி நடந்திருக்கும்:

“மாப்ளே, மலை புகையுது. பக்கத்துல போய்ப் பாத்துட்டு வருவோம், வாறியா?”

“இல்ல மாமா. நீங்க குடுத்த வீட்டுப்பாடம் பாதிதான் முடிஞ்சிருக்கு.”

“சரி, எழுது. அம்மாவப் பாத்துக்க.”

உலக வரலாற்றில் வீட்டுப்பாடம் ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆதாரம் இது. பிற்காலத்தில் வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் கேட்டுக்கொண்டதற்காக இளையவன் எழுதிய இரண்டு கடிதங்களில்தான் அன்றைய நிகழ்ச்சி முழுவதும் இருக்கிறது.

மாமா முதலில் வேடிக்கை பார்க்கச் சிறு படகு கேட்டார். கிளம்பும்போது, மலையடி வில்லாவில் மாட்டிக்கொண்ட ரெக்டினா என்ற பெண்மணியிடமிருந்து சேதி வந்தது. சிறு படகு பெரிய போர்க்கப்பல்களாக மாறியது. இந்த இடத்தில் நான் கிண்டலை நிறுத்தி வைக்கிறேன். எல்லோரும் ஓடிவருகிற திசைக்கு எதிர்த்திசையில் கப்பல் விட்ட மனிதர் அவர். கரை நெருங்க முடியாமல் ஸ்டாபியேயில் இருந்த நண்பர் பொம்போனியானுஸ் வில்லாவுக்குத் திருப்பினார். நண்பர் சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தார். பிளினியை உள்ளே தள்ளிவந்த அதே காற்று யாரையும் வெளியே விடவில்லை. முசிறிக்குப் பருவக்காற்று எப்போது வீசும் என்று உலகத்துக்குச் சொன்னவர், அடுத்த ஊருக்குப் போகக் காற்றில்லாமல் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? குளித்தார். சாப்பிட்டார். மலையில் தெரிகிற நெருப்பு குடியானவர்கள் அணைக்காமல் விட்டுப்போன அடுப்பு என்று பொய் சொன்னார். பிறகு படுத்துக் குறட்டை விட்டார். உடம்பு கொஞ்சம் கனம் என்பதால் வாசல் வரைக்கும் கேட்டது என்று மருமகன் எழுதியிருக்கிறான். முற்றத்தில் நுரைக்கல் மேடாகிக் கதவை அடைக்கப்போகிறது என்ற பிறகே எழுப்பினார்கள். எல்லோரும் தலையணையைத் தலையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். கந்தகப் புகையில் இரண்டு அடிமைகளின் தோளைப் பிடித்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். மிளகின் காரத்தைக் கடைசிவரை மன்னிக்காதவரின் தொண்டையைக் கந்தகம் அடைத்தது.

பொம்பெய் 4 முதல் 6 மீட்டர் வரை சாம்பலுக்கும் கல்லுக்கும் கீழே போனது. பக்கத்து ஊரான ஹெர்குலேனியம் சுமார் 20 மீட்டர் ஆழத்தில். உத்தரம், கட்டில், தொட்டில் எல்லாம் கரியாகி உருக்குலையாமல் நின்றன. 8 துண்டாகக் கோடு போட்ட ரொட்டி அடுப்பிலேயே இருந்தது. முதலில் ஹெர்குலேனியத்தைக் கண்டவர் கிணறு வெட்டியவர், 1709ஆம் ஆண்டு வாக்கில். பிறகு 1738 முதல் நேப்பிள்ஸ் ராஜா சுரங்கம் தோண்டிச் சிலைகளாக எடுத்துத் தன் அரண்மனையை அலங்கரித்தார். அதை அகழாய்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1752இல் சீசரின் மாமனாருடையது என்று கருதப்படும் ஒரு வில்லாவில் 1,800 போலப் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. பார்க்க அடுப்புக்கரி மாதிரி இருந்ததால் சிலவற்றை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். நூலகம் முழுசாக எரிமலையிடம் தப்பி, பணியாளர்களிடம் மாட்டிய கதை.

1863இல் பொம்பெயில் ஃபியோரெல்லி என்பவருக்குத்தான் நல்ல யோசனை தோன்றியது. சாம்பலுக்குள் உடல் மக்கிப்போன வெற்றிடத்தில் சுண்ணச்சாந்தை ஊற்றினார். ஆறியதும் உடைத்தால் முகத்தைப் பொத்திய கையோடு மனிதர்கள். 1874இல் அப்படி ஒரு நாயும் வந்தது. முதுகு வளைந்து நாலு காலும் மேலே. கழுத்தில் பட்டை. வீட்டுக்காரர் போகும்போது சங்கிலியை அவிழ்க்கவில்லை. அதே ஊரில் இன்னொரு வீட்டு வாசலில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று கறுப்பு நாய்ப்படம் பதித்திருக்கிறது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது நாய்தான். வெள்ளை நாயை வீட்டுப் பிள்ளையாக வளர்த்து, 2005இல் தபால்தலை வரைக்கும் ஏற்றிவிட்ட ராஜபாளையத்துக்காரர்கள் அந்த வீட்டுக்காரரை மன்னிக்கமாட்டார்கள். நானும்தான்.

தூக்கிப்போடாமல் மிச்சமிருந்த கரிச்சுருள்களை இப்போது விரிக்காமலே எக்ஸ்ரேயில் படிக்கிறார்கள். 2023 அக்டோபரில் முதன்முதலாக வாசிக்கக் கிடைத்த சொல் ‘ஊதா’. ஜவுளிக்காரர்கள் இதையும் குறித்துக்கொள்ளவும். அடுத்த பிப்ரவரியில் மூன்று மாணவர்கள் பல பத்திகளை மீட்டு 7 லட்சம் டாலர் பரிசு வாங்கினார்கள். பிலோடெமஸ் என்ற தத்துவவாதி எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். அவர் ஆராய்ந்த கேள்வி: கிடைப்பதற்கு அரிதாக இருப்பதனால் ஓர் உணவு அதிக இன்பம் தந்துவிடுமா? தராது என்றே சாய்கிறார். ஆக, 5 கோடி விவகாரத்துக்கு விடை அக்கரை வில்லாவின் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. பிளினி போய்க் கடன் வாங்கிப் படித்திருக்கலாம்.

மிளகு போனதற்குச் சாட்சி வேண்டுமென்றால் எகிப்தின் பெரனிகே துறைமுகத்துக் கோயிலில் சுமார் 7.5 கிலோ மிளகு இந்தியத் தாழியோடு கிடைத்திருக்கிறது. பொம்பெயில் 1938இல் தந்தத்தில் செய்த இந்தியப் பெண்ணுருவம் ஒன்று எடுத்தார்கள். உயரம் 24 செ.மீ. போல, நகை நிறைய, உடை சொற்பம். லட்சுமி என்றார்கள், பிறகு யட்சி என்றார்கள். நம் ஆட்கள் உடனே தமிழச்சி என்று கொடி பிடிக்க வேண்டாம். அடியில் கரோஷ்டி எழுத்து இருக்கிறது, வேலைப்பாடு தக்காணத்தைக் காட்டுகிறது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

பதிலுக்கு நம் பக்கம் என்ன மிச்சம்? ராஜபாளையத்திலிருந்து சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம் வழியாகப் போனால் வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. சங்கு வளையல், பாசிமணி, கொஞ்சம் தங்கம், சுடுமண் ஆட்டக்காய்கள், புகைபிடிக்கும் குழாய். நீச்சல்குளம் இல்லை, சலவைக்கல் இல்லை, சமையலறைக் கக்கூசும் இல்லை. சாம்பல் வந்து பொத்திப் பாதுகாக்காததால் எல்லாம் உடைந்தே வருகிறது. கரிசல் மண்ணும் கலப்பையும் மழையும் எதையும் முழுசாக விட்டுவைப்பதில்லை. ஆனாலும் வளையல் போட்டுக்கொண்டு, தாயம் விளையாடிக்கொண்டு, புகையை ஊதிக்கொண்டு ஒரு கூட்டம் இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருந்தது மட்டும் நிச்சயம்.

வேசுவியஸ் கடைசியாக 1944 மார்ச்சில் வெடித்தது. போருக்காக அடிவாரத்தில் நிறுத்தியிருந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சுமார் 80 சாம்பலில் நாசமாயின. இன்று அதன் அபாய வளையத்தில் 25 நகராட்சிகள், ஏறக்குறைய 7 லட்சம் பேர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போனால் குடும்பத்துக்கு 30,000 யூரோ வரை தருகிறோம் என்று அந்த மாநில அரசு அறிவித்தது. வாங்க முன்வந்தவர்கள் மிகக் குறைவு. கடல் பார்த்த வீடாம்.